ஆன்டிகனிய முதல் தடவையா படிக்கப் போறீங்களா? எங்க ஆரம்பிக்கணும், எங்க நின்னு படிக்கணும்

ஆன்டிகனி படிக்கணும்னு ஆசையா இருக்கு, ஆனா கிரேக்க நாடகம்னாலே பயம், பேரெல்லாம் வாயில நுழையல, கோரஸ் (நடுநடுவுல கூட்டமா பாடுறவங்க) வந்து பாட ஆரம்பிச்சா கண்ணு சொக்குதுனு நிறைய பேர் சொல்லி கேட்டிருக்கேன். உண்மையில சோஃபோக்ளீஸ் எழுதின இது சின்ன நாடகம். மொத்தமே 1353 வரிதான், ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டு உக்காந்தா சாயங்காலம் காபிக்குள்ள முடிச்சிரலாம். கஷ்டம் எங்க வருதுன்னா, நாடகம் ஆரம்பிக்கும்போதே பாதிக்கதை நடந்து முடிஞ்சிருக்கு, அந்தக் கதை ஏதென்ஸ்ல உக்காந்து பாத்தவங்களுக்கு சின்ன வயசுலேர்ந்தே தெரியும், நமக்கு தெரியாது. அந்த ஒரு குறைய சரி பண்ணிட்டா மீதிய நாடகமே பாத்துக்கும்.

சுருக்கம் மட்டும் படிச்சிட்டு போயிராதீங்க ப்ளீஸ். "தனிமனுஷ மனசாட்சிக்கும் அரசாங்க சட்டத்துக்கும் நடக்குற மோதல்"னு ஒரே வரியில சொல்லி முடிச்சிருவாங்க. தப்பு இல்ல, ஆனா அந்த வரிக்குள்ள ஒரு பொண்ணு காணாம போயிடுறா. கூடப் பொறந்தவன் மேல அவ்ளோ பாசம் வச்சவ, உசுரோட பக்கத்துல நிக்குற கூடப் பொறந்தவள ஏன் அப்படி வெட்டி விட்டா? பல வருஷமா இத திரும்பத் திரும்ப படிக்கிறேன், என்னை விடாம புடிச்சு வச்சிருக்கிறது இந்தக் கேள்விதான். கீழ சொல்ற வழி எல்லாம் உங்களையும் அங்க கொண்டுபோய் நிறுத்துறதுக்குத்தான்.

முதல் வேலை: குடும்பத்த ஒரு பேப்பர்ல வரைங்க

இத கண்டிப்பா கையால செய்யுங்க. மேல ஜொகாஸ்டா, அவளோட தம்பியோ அண்ணனோ கிரெயான். ஜொகாஸ்டாவோட பையன் ஈடிபஸ். தெரியாமலே அப்பாவ கொன்னு, தெரியாமலே அம்மாவையே கல்யாணம் பண்ணிக்கிட்டவன். அந்தக் கல்யாணத்துல பொறந்தது நாலு பேர்: எட்டியோக்ளீஸ், பொலினைசீஸ்னு ரெண்டு பசங்க, ஆன்டிகனி, இஸ்மினினு ரெண்டு பொண்ணுங்க. உண்மை தெரிஞ்சதும் ஜொகாஸ்டா தூக்குல தொங்கிட்டா, ஈடிபஸ் தன் கண்ண தானே குத்திக்கிட்டான். கிரெயானுக்கு ஹைமோன்னு ஒரு பையன், அவனுக்குத்தான் ஆன்டிகனிய நிச்சயம் பண்ணிருக்கு.

வரைஞ்சாச்சா, இப்ப நம்ம முறை வச்சு பாருங்க. கிரெயான் அவளுக்கு தாய்மாமன், ஹைமோன் மாமன் மகன். அப்பா அம்மா இல்லாத பொண்ணுக்கு தாய்மாமன்னா என்னன்னு தமிழ் படிக்கிற யாருக்கும் விளக்கம் வேண்டாம். பின்னாடி 486வது வரி பக்கத்துல அந்த மாமனே "என் கூடப் பொறந்தவ பொண்ணா இருந்தாலும் சரி, அதவிட நெருங்கின ரத்தமா இருந்தாலும் சரி, தப்பிக்க முடியாது"ன்னு சொல்லுவான். ராஜா சொல்றதா மட்டும் அத படிச்சா பாதிதான் புரியும்.

ஒரு சின்ன குறிப்பு. ஈடிபஸ் கதைய வச்சு சோஃபோக்ளீஸ் எழுதினதுல மூணு நாடகம் நம்ம கைக்கு வந்திருக்கு, இப்பல்லாம் மூணையும் சேத்து ஒரே புக்கா போடுறதால வரிசையா படிக்கணும்னு நினைச்சிருவோம். கதை வரிசையில ஆன்டிகனி கடைசி, ஆனா எழுதினது மொதல்ல, கி.மு. 441 வாக்குல. ஈடிபஸ் மன்னன் கதை அதுக்கு பல வருஷம் கழிச்சு. ஈடிபஸோட கடைசி நாள பத்தின மூணாவது நாடகம் சோஃபோக்ளீஸ் செத்தப்புறம் கி.மு. 401ல தான் மேடை ஏறுச்சு. அதனால தைரியமா ஆன்டிகனியிலேர்ந்தே ஆரம்பிக்கலாம்.

அடுத்தது: முந்தின நாள் ராத்திரி என்ன நடந்துச்சு

அண்ணன் தம்பிக்குள்ள சிம்மாசனச் சண்டை. எட்டியோக்ளீஸ் தீப்ஸ் நகரத்துல உக்காந்துட்டான், பொலினைசீஸ் ஆர்கோஸ் போய் படை திரட்டிட்டு வந்து சொந்த ஊர் மேலயே போர் தொடுத்தான், ஏழு வாசல் ஏழு தளபதி. கடைசியில ஒருத்தன் கையால ஒருத்தன் செத்தான். படை ஓடிப்போச்சு. பொழுது விடியுது, நாடகம் தொடங்குது. புதுசா அதிகாரத்துக்கு வந்த கிரெயான் போட்ட முதல் உத்தரவு: எட்டியோக்ளீஸுக்கு முழு மரியாதையோட அடக்கம், பொலினைசீஸ யாரும் புதைக்கக்கூடாது, அழக்கூடாது, நாயும் பறவையும் திங்கட்டும். மீறினா ஊர் நடுவுல கல்லால அடிச்சு சாவு.

இந்த இடத்துல கிரெயானை சினிமா வில்லனா ஃபிக்ஸ் பண்ணிராதீங்க. ஏதென்ஸ்லயே துரோகிய அவங்க மண்ணுல புதைக்கக்கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு, அதனால நாடகம் பாக்க உக்காந்தவங்களுக்கு இந்த உத்தரவு வேற்றுக்கிரகத்து விஷயம் கிடையாது. ஆனா எல்லைக்கு வெளிய கொண்டுபோய் புதைக்க அங்க வழி இருந்துச்சு. கிரெயான் அந்த வழியையும் அடைச்சிட்டான், அதுவும் செத்தவனோட வீட்டுப் பொண்ணுங்க கண்ணு முன்னாடி. பொணத்த குளிப்பாட்டுறது, ஒப்பாரி வைக்கிறது எல்லாம் அங்க வீட்டுப் பொம்பளைங்களோட கடமை. அத செய்யலன்னா செத்தவனுக்கு கீழ்உலகத்துல போக்கிடம் இல்லங்கிறது அவங்க நம்பிக்கை. ஒரு கைப்பிடி மண்ணு தூவினாக்கூட போதும், கடமை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அந்தக் கைப்பிடி மண்ணுக்காகத்தான் இவ்ளோவும்.

நெல்சன் மண்டேலா ராபன் தீவு ஜெயில்ல கைதிங்க போட்ட நாடகத்துல கிரெயான் வேஷம் கட்டினவர். ஒரு மனுஷன் எப்படிப்பட்டவன்னு அவன் அதிகாரத்துல உக்காந்து ஆளும்போதுதான் முழுசா தெரியும்னு கிரெயான் ஆரம்பத்துல சொல்ற வரிகள (175லேர்ந்து) அவர் தன் சுயசரிதையில எடுத்து வச்சிருக்கார். அந்தப் பேச்ச அவசரப்படாம படிங்க, நல்ல பேச்சுதான் அது.

இப்ப நாடகம். முதல் 99 வரிய வாய்விட்டு படிங்க, முடிஞ்சா ரெண்டு பேரா

வரி எண் போட்ட மொழிபெயர்ப்பா எடுத்துக்கோங்க, நான் சொல்ற இடங்கள தேட சுலபமா இருக்கும். அப்புறம் வீட்டுல யாரையாவது புடிச்சு உக்கார வைங்க. நான் இத என் அக்காவோட உக்காந்து படிச்சேன், நான் ஆன்டிகனி, அக்கா இஸ்மினி, மொட்டைமாடியில, கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம். தனியா படிச்சப்பல்லாம் இஸ்மினிய கோழைனு நினைச்சு தாண்டிப் போயிருக்கேன். அக்கா குரல்ல கேட்டப்பதான் அது பயந்தவ பேச்சு மட்டும் இல்லன்னு புரிஞ்சுது, இருக்கிற ஒரே சொந்தமும் போயிரக்கூடாதுன்னு கெஞ்சுறவ பேச்சு அது.

முதல் வரியிலயே சோஃபோக்ளீஸ் முழு நாடகத்தையும் வச்சிட்டார். இஸ்மினிய பேர் சொல்லிக் கூப்பிடும்போது "கூடப் பொறந்தவளே"ன்னு மட்டும் சொல்லாம, ஒரே ரத்தம், அச்சு அசலா கூடப் பொறந்தவன்னு ரெண்டு மூணு சொல்ல அடுக்கி கூப்பிடுறா. உடன்பிறப்புக்கு கிரேக்கத்துல இருக்கிற சொல்லோட அர்த்தமே "ஒரே கருப்பை"ங்கிறது. நம்ம சகோதரன்ங்கிற வார்த்தையும் அதேதான், ஒரே வயிறு. ஒரு வயித்துப் பிள்ளைங்கன்னு நாம சாதாரணமா சொல்றோமே, அது ஆன்டிகனிக்கு சாமி மாதிரி. பின்னாடி கிரெயான்கிட்டயும் "ஒரே வயித்துல வந்தவனுக்கு மரியாதை செய்றதுல என்ன வெக்கம்"னு கேப்பா (511). அவ பொறந்த வயிறு எந்த வயிறுன்னு யோசிச்சுப் பாருங்க, அப்பாவும் அதே வயித்துல பொறந்தவன். ஊரே காறித் துப்பின அந்த உறவத்தான் அவ தலையில தூக்கி வச்சிக்கிறா.

மொழிபெயர்ப்புல தொலைஞ்சு போற ஒண்ணு இருக்கு, தெரிஞ்சு வச்சிக்கோங்க. பழைய கிரேக்கத்துல ஒருமை, பன்மை தவிர சரியா ரெண்டு பேர மட்டும் குறிக்க தனி வடிவம் உண்டு. உத்தரவ மீறி பொலினைசீஸ புதைக்க இஸ்மினிய கூப்பிடுற ஆன்டிகனி ஆரம்பத்துல அத போட்டு பேசுறா, நாம ரெண்டு பேர், நம்ம ரெண்டு பேருக்குன்னு. "என்னால முடியாது, நாம பொண்ணுங்க, ஆளுறவங்கள எதுத்து நிக்க முடியாது, செத்தவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன்"னு இஸ்மினி சொன்னதும் அந்த ரெட்டை உடைஞ்சு போயிடுது. நமக்கு அந்த இலக்கணம் இல்ல, ஆனா "நாம"ன்னு பேசிட்டிருந்த ஒருத்தி சட்டுனு "நான்", "நீ"ன்னு பேச ஆரம்பிச்சா வீட்டுல எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும்.

உடைஞ்சப்புறம் அவ பேசுறத பாருங்க. "இனிமே நீயே வர்றேன்னாலும் நான் சேத்துக்க மாட்டேன்" (69, 70). யார்கிட்டயும் சொல்லாம ரகசியமா செய், நானும் வாய தொறக்க மாட்டேன்னு இஸ்மினி சொல்றா, அது பாசம்தானே, அதுக்கு பதில்: "ஊர் பூரா கத்தி சொல்லு, நீ மறைச்சா உன்மேல வெறுப்பு இன்னும் அதிகமாகும்." இங்க பென்சில்ல ஒரு கோடு போட்டு வைங்க. அண்ணன் தம்பிக்கான கடமைய செய்றதுக்கு ஊருக்கு தெரியணும்னு அவசியமே இல்ல, தெரியாம இருந்தா இன்னும் நல்லது. தெரியணும்னு அவ ஏன் கேக்குறா?

நடுவுல ஒரு சொல்ல புரிஞ்சிக்கோங்க

ஃபிலோஸ்னு ஒரு கிரேக்கச் சொல் நாடகம் முழுக்க வரும், அன்பானவன், நண்பன், சொந்தம்னு ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி மொழிபெயர்த்திருப்பாங்க. நம்ம பேச்சுல அதுக்கு ரொம்ப பக்கத்துல வர்றது "நம்மாளு". யாரு நம்மாளு, யாரு எதிரி? ஊருக்கு நல்லவன்தான் நம்மாளுங்கிறது கிரெயானோட கணக்கு, துரோகி செத்தாலும் எதிரிதான். ஆன்டிகனிக்கு நம்மாளுங்கிறது நீ பொறக்கும்போதே முடிவான விஷயம். "பகையில சேர நான் பொறக்கல, பாசத்துல சேரத்தான் பொறந்தேன்"னு 523ல ஒரு வரி சொல்லுவா, எல்லாரும் மேற்கோள் காட்டுற வரி அது, அழகான வரிதான். அதோட 86, 87வது வரிகளையும் வச்சு படிங்க, கூடப் பொறந்தவகிட்ட வெறுப்புனு சொன்ன அதே வாய்.

காவல்காரன் வர்ற இடம்

இங்க வேகமா போகாதீங்க. முதல் தடவை யார் செஞ்சான்னே தெரியல, பொணத்து மேல மெல்லிசா ஒரு படலமா புழுதி, அவ்ளோதான். கிரெயான் மிரட்டி அனுப்பினதும் காவல்காரங்க அந்த மண்ண தட்டி விட்டுட்டு, பொண நாத்தம் தாங்காம காத்து வர்ற பக்கமா மேட்டுல போய் உக்காந்திருக்காங்க. உச்சி வெயில். திடீர்னு ஒரு புழுதிச் சூறாவளி, கண்ண மூடிக்கிட்டு உக்காந்தவங்க தொறந்து பாத்தா அந்தப் பொண்ணு நிக்குறா. பொணம் திரும்பவும் அம்மணமா கெடக்குறத பாத்துட்டு, கூட்டுக்கு வந்து குஞ்சுங்கள காணாத பறவை மாதிரி கிறீச்சுன்னு கத்துறா. மண்ணு தட்டி விட்டவங்கள சபிக்கிறா. கையாலயே காஞ்ச புழுதிய அள்ளிட்டு வர்றா, வெண்கலச் செம்ப ஒசக்க தூக்கி மூணு தடவை ஊத்துறா. புடிக்க வந்தப்ப பயப்படவே இல்ல.

இந்தக் காட்சியில கோஷமும் வீம்பும் எதுவும் கிடையாது, வெறும் அழுகைதான். அவளோட பாசம் உண்மையானு சந்தேகம் வரும்போதெல்லாம் நான் இங்கதான் திரும்பி வருவேன்.

அப்புறம் கிரெயான் முன்னாடி நிக்கும்போது ஆளே வேற. உத்தரவு தெரியுமானு கேட்டா "தெரியும், ஊருக்கே தெரியுமே." மனுஷன் போட்ட உத்தரவ விட எழுதப்படாத தெய்வச் சட்டம் பெருசுன்னு பேசுவா, 450லேர்ந்து, அது பிரசித்தம். அதோட கடைசி ரெண்டு வரிய நிறைய பேர் விட்டுருவாங்க: "நான் முட்டாளா தெரிஞ்சா, என்னை முட்டாள்னு சொல்றவன்தான் முட்டாளா இருக்கலாம்." உசுர கையில வச்சிட்டு நிக்குற நேரத்துல தாய்மாமன பாத்து சொல்றா.

திமிர யாரு என்ன பேர் சொல்லி கூப்பிடுறாங்கன்னு ஒரு லிஸ்ட் எழுதுங்க

நம்ம மொழியில இதுக்கு பஞ்சமே இல்ல: திமிர், வீம்பு, ரோஷம், வைராக்கியம், பிடிவாதம், தன்மானம், அகங்காரம். படிக்கும்போது ஒவ்வொரு இடத்துலயும் எந்தச் சொல் பொருந்தும்னு ஓரத்துல எழுதிட்டே போங்க, ரொம்ப உதவும். கோரஸ் பெரியவங்க 471ல "முரட்டு அப்பனுக்கு முரட்டுப் பொண்ணு, கஷ்டம் வந்தா வளைஞ்சு குடுக்கத் தெரியல"ங்கிறாங்க, இது எனக்கு பிடிவாதம், அதுவும் ரத்தத்துல வந்தது. கிரெயான், ரொம்ப காய்ச்சின இரும்புதான் சீக்கிரம் உடையும்ங்கிறான், மீறினது ஒரு திமிர், மீறிட்டு பெருமையடிச்சு சிரிக்கிறது ரெண்டாவது திமிர்ங்கிறான். கல்லடிக்கு பதிலா அவள உசுரோட ஒரு குகையில அடைக்கச் சொல்றான் கிரெயான், அந்தக் குகைக்கு கூட்டிட்டு போகும்போது கோரஸ் சொல்றது "நீ உன் சொந்தச் சட்டத்துல வாழ்ந்தவ" (821), அப்புறம் "உன் இஷ்டத்துக்கு வந்த கோவமே உன்னை அழிச்சிருச்சு" (875). இந்த ரெண்டையும் திட்டுறதாவும் படிக்கலாம், வியக்கிறதாவும் படிக்கலாம். என்னைக் கேட்டா 821 வைராக்கியம், 875 ரோஷம். நீங்க வேற எழுதினீங்கன்னா அதுவும் சரிதான்.

அதே லிஸ்ட்ட கிரெயானுக்கும் போடுங்க, அவனோடது நீளமா வரும். நான் உசுரோட இருக்கிற வரைக்கும் ஒரு பொம்பளை என்னை ஆள முடியாதுங்கிறான். இந்த வயசுல சின்னப் பையன்கிட்ட பாடம் கத்துக்கணுமாங்கிறான். ஹைமோன் மரியாதையாத்தான் ஆரம்பிக்கிறான், வெள்ளத்துல வளைஞ்சு குடுக்குற மரம் பொழைக்கும், வெறைச்சு நிக்குறது வேரோட போயிரும்னு. ஊர் ஆளுறவனோட சொத்து இல்லையானு அப்பன் கேக்க, "ஆளே இல்லாத பாலைவனத்த நீங்க தனியா நல்லா ஆளுவீங்க"ன்னு பையன் சொல்ற இடத்துல எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கும். வளையாத இரும்புன்னு மருமகள சொன்னவனுக்கு பையன் மரத்த காட்டுறான், பாத்தீங்களா. கிரெயானும் ஆன்டிகனியும் ஒரே குணம்.

இஸ்மினி திரும்பி வர்ற காட்சி: இங்க நில்லுங்க

526லேர்ந்து 581 வரைக்கும். புக்க மூடி வச்சிட்டு ஒரு தடவை தண்ணி குடிச்சிட்டு வந்து படிங்க, அவசரமா படிச்சா இது கையில நிக்காது.

இஸ்மினி அழுதுக்கிட்டே வர்றா. "நானும் செஞ்சேன், இவ ஒத்துக்கிட்டா"ன்னு சொல்றா. செய்யாத குத்தத்த ஏத்துக்கிட்டு கூட சாக வர்றா, கோழை பண்ற வேலையா இது? ஆன்டிகனி ஒத்துக்கல. நீ வேணாம்னு சொன்ன, நான் உன்னை சேத்துக்கல, வாயால பாசம் காட்டுறவ எனக்கு வேணாம்னு சொல்றா. "நீ இல்லாம எனக்கு என்ன வாழ்க்கை"னு இஸ்மினி கேக்க, "கிரெயான கேளு, அவன் மேலதான உனக்கு அக்கறை"ன்னு ஒரு குத்து. ஏன் இப்படி புண்படுத்துறன்னு கேட்டதுக்கு, "உன்னைப் பாத்து சிரிச்சாலும் வலியோடதான் சிரிக்கிறேன்"னு 551ல ஒரு வரி, 553ல "நீ தப்பிச்சிக்கோ, எனக்கு பொறாமை இல்ல." உடனே 555ல "நீ வாழ்றத தேர்ந்தெடுத்த, நான் சாகுறத."

இத ரெண்டு மாதிரி படிச்சுப் பாருங்க. ஒரு தடவை, இஸ்மினிய காப்பாத்தணும்னு வேணும்னே தள்ளி விடுறான்னு நினைச்சு படிங்க, 551ம் 553ம் ஒத்துழைக்கும். இன்னொரு தடவை, இந்தச் சாவு எனக்கு மட்டுமே சொந்தம், பங்கு குடுக்க மாட்டேன்னு சொல்றதா படிங்க, 543ம் 549ம் ஒத்துழைக்கும். ரெண்டும் ஒரே வாயிலேர்ந்து மாத்தி மாத்தி வருது. வீட்டுல பெருசா சண்டை போட்டவங்களுக்கு தெரியும், பாசமும் வீம்பும் ஒரே வாக்கியத்துல வரும்.

இங்கயே ஹைமோன் விஷயத்தையும் கவனிங்க. "என் ஹைமோன், உங்கப்பா உன்னை இப்படி அவமானப்படுத்துறாரே"ன்னு 572ல ஒரு வரி. கையெழுத்துப் பிரதிகள்ல அது இஸ்மினி பேசுறது, சில பதிப்பாசிரியர்கள் ஆன்டிகனிக்கு மாத்திக் குடுத்திருக்காங்க. பிரதியில இருக்கிற மாதிரியே விட்டா, ஆன்டிகனி நாடகம் முழுக்க நிச்சயம் பண்ணினவன் பேர ஒரு தடவை கூட சொல்லல.

எல்லாரும் சண்டை போடுற பேச்சு: 904லேர்ந்து 920

குகைக்கு போகுற வழியில அவ சொல்றா: இதையே புருஷனுக்காகவோ புள்ளைக்காகவோ நான் செஞ்சிருக்க மாட்டேன். புருஷன் போனா இன்னொருத்தன் கிடைப்பான், புள்ளையும் இன்னொருத்தன்கிட்ட பெத்துக்கலாம், அப்பா அம்மா ரெண்டு பேரும் செத்தப்புறம் இன்னொரு உடன்பிறப்பு எங்கேர்ந்து வரும்?

படிச்சதும் தூக்கிவாரிப் போடும். தெய்வச் சட்டம்னு பேசினவ திடீர்னு கணக்கு போடுறாளேன்னு. ஜெர்மன் கவிஞர் கதே 1827ல தன் நண்பர் எக்கர்மான்கிட்ட, இது சோஃபோக்ளீஸ் எழுதினது இல்லன்னு யாராவது அறிஞர் நிரூபிச்சா நல்லாருக்கும்னு சொன்னார். ஆனா நாடகம் வந்து நூறு வருஷத்துக்கு அப்புறம் அரிஸ்டாட்டில் இந்த வரிகள ஆன்டிகனியோடதாத்தான் எடுத்துக்காட்டுறார். கிரேக்க வரலாறு எழுதின ஹெரோடோட்டஸ்கிட்ட இதே வாதம் ஒரு பாரசீகக் கதையா இருக்கு: டேரியஸ் ராஜா ஒருத்தர விடுவிக்கிறேன்னு சொன்னப்ப இன்டஃபெர்னீஸோட பொண்டாட்டி புருஷன விட்டுட்டு கூடப் பொறந்தவன கேட்டா, இதே காரணம் சொல்லி. அவளுக்காவது காப்பாத்த ஒரு உசுரு இருந்துச்சு, ஆன்டிகனி காப்பாத்துறது பொணத்த.

இது சோஃபோக்ளீஸ் எழுதினதுதான்னு நான் நம்புறேன். தனியா, கல்யாணம் ஆகாம, ஊரே விட்டுட்ட நிலையில, ஏன் செஞ்சேன்னு தனக்குத்தானே காரணம் தேடுற பொண்ணோட பேச்சு அது, அதான் கோணலா இருக்கு. நம்மள்ல நிறைய பேர் ஆன்டிகனின்னதும் கண்ணகிய இழுத்துட்டு வருவோம், ரெண்டு பேரும் அரசன எதுத்து நின்னவங்கன்னு. புருஷனுக்காகன்னா செஞ்சிருக்க மாட்டேன்னு சொல்றவ இவ. அந்த ஒப்பீட்ட இந்தப் பேச்சு வரைக்கும் கொண்டுவந்துட்டு கீழ வச்சிருங்க.

கடைசிப் பகுதி வேகமா ஓடும், விட்டுருங்க. குறி சொல்ற கண்ணு தெரியாத பெரியவர் டைரீசியஸ் வந்து பலிபீடமெல்லாம் தீட்டாச்சு, பறவைங்க ஒண்ண ஒண்ணு கிழிக்குதுன்னு சொன்னப்புறம்தான் கிரெயான் இறங்கி வர்றான். ஒண்ணு மட்டும் பாருங்க: கோரஸ் சொல்றது மொதல்ல பொண்ண வெளிய விடு, அப்புறம் பொணத்த அடக்கம் பண்ணுன்னு. கிரெயான் மொதல்ல பொணத்துகிட்ட போறான். குகைக்கு போய் சேரும்போது அவ மெல்லிசான துணியில சுருக்கு போட்டு தொங்கிட்டா, அவங்கம்மா போன மாதிரியே. ஹைமோன் அப்பன் மூஞ்சியில துப்பி, கத்திய வீசி, தவறிப்போய், தன்னையே குத்திக்கிட்டான். சேதி கேட்டு அம்மா யூரிடிஸி ஒரு வார்த்தை பேசாம உள்ள போயிட்டா, அவளும் அவ்ளோதான்.

முடிச்சப்புறம் செய்ய வேண்டிய ஒரு வேலை

ஒரு நாள் விட்டு திரும்ப எடுங்க, முழுசா வேணாம், இஸ்மினி பேர் வர்ற இடங்கள மட்டும். 771ல கிரெயான் போற போக்குல அவள விட்டுர்றான், கோரஸ் கேட்டதால. அதுக்கப்புறம் அவ என்ன ஆனான்னு யாரும் பேசல, அவ மேடைக்கே வரல. இப்ப 941க்கு போங்க, ஆன்டிகனி கடைசியா பேசிட்டு போற இடம். தீப்ஸ் பெரியவங்கள பாத்து சொல்றா: பாருங்க, ராஜ குடும்பத்துல மிச்சம் இருக்கிற ஒரே ஒருத்தி நான்.

இஸ்மினி அப்ப அரண்மனைக்குள்ள உசுரோட இருக்கா. முதல் வரியில ரெண்டு மூணு சொல் அடுக்கி கூப்பிட்டாளே, அவ.